பதினாறு பேருடைய சந்தோஷம்

காலை மணி ஒன்பது பத்துக்குள் அவள் பதினொரு முறை சந்தோஷப்பட்டு முடித்திருந்தாள். இன்னும் ஐந்து பாக்கி.

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியின் கிளை அலுவலகத்தில் அவள் ரிசப்ஷனிஸ்ட். மேசைமேல் பதினாறு பேருடைய போன்கள் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஐந்து மஞ்சள் முகங்களில் ஒன்றைத் தொட வேண்டும், கீழே மூன்று வரி நாட்குறிப்பு எழுத வேண்டும். ஒன்பதரைக்குள் முடித்து உரியவர் கையில் சேர்த்துவிட வேண்டும்.

ஊழியர்களின் மனசு எப்படி இருக்கிறது என்று தெரியாமல் தலைமை அலுவலகத்துக்குச் சோறு இறங்கவில்லையாம். அதற்காக ஒரு செயலி வந்தது. மனம் திறந்து எழுதுங்கள், யாரும் படிக்க மாட்டார்கள் என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது. சுருக்கமாக எழுதியவர்களுக்கு மறுநாளே மெமோ வந்தது.

இதைக் கொண்டுவந்தவர் தலைமை அலுவலகத்து நலப்பிரிவு மேடம். எப்படி எழுதுவது என்று காட்ட, தன் பக்கத்தை எல்லோரும் பார்க்கும்படி திறந்துவைத்திருந்தார். செயலியின் தொடக்க விழாவன்று எழுதிய மூன்று வரி மட்டும் அதில் இருந்தது. இரண்டு மாதமாக எல்லாக் கிளைகளும் அந்த மூன்று வரியைத்தான் மாதிரியாகப் பார்த்துக்கொண்டிருந்தன.

அவளிடம் முதலில் போனை நீட்டியவர் மேனேஜர். மனம் திறக்கத் தனக்கு நேரமில்லை என்றார். மாதக் கடைசியில் அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. நிரந்தரமாக்கும் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். அவள் வாங்கிக்கொண்டாள். மேனேஜரின் போன் அங்கே கிடப்பதைப் பார்த்ததும் மற்ற பதினைந்து பேருக்கும் நேரம் இல்லாமல் போயிற்று.

அவளுடைய போனில் அந்தச் செயலி கிடையாது. தற்காலிக ஊழியர்களின் மனநிலை கம்பெனிக்குத் தேவைப்படவில்லை.

எழுதுவதில் அவள் குறை வைக்கவில்லை. கேஷியருக்கு அரைச் சிரிப்புக்கு மேல் கொடுக்க மாட்டாள். அவர் முழுசாகச் சிரித்தால் ஆடிட் வந்துவிடும். பில்லிங் அக்கா ஏழு மாதக் கர்ப்பிணி. அவருக்கு எழுதியதை அவரே படித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கணவருக்கும் அனுப்பிவைத்தார். மேனேஜர் வாரத்துக்கு வாரம் நல்லவராகிக்கொண்டே வந்தார். நேரில் பார்ப்பவர்களுக்குத்தான் வித்தியாசம் தெரியவில்லை.

புதன்கிழமை காலை அவள் எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு லிஃப்டில் ஆறு பேர் மாட்டிக்கொண்டு, ஆறு பேரும் தனித்தனியாக அவளை அழைத்துத் திட்டினார்கள். மேனேஜருக்கும் பில்லிங் அக்காவுக்கும் ஒரே மாதிரிக் கறுப்பு உறை போட்ட, பூட்டே இல்லாத போன். அன்று மேனேஜரின் பக்கத்தில் இப்படிப் பதிவாயிற்று:

‘இன்று வயிற்றில் குழந்தை பலமாக உதைத்தது. கை வைத்துப் பார்த்தேன், நின்றுவிட்டது. இனி எல்லாவற்றையும் இரண்டு பேருக்காக யோசிக்க வேண்டும்.’

வெள்ளிக்கிழமை மேடம் நேரிலேயே வந்து இறங்கினார். பொய்ப்பதிவு போட்டதற்காக இன்னொரு கிளையில் இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பியவர் என்று எல்லோருக்கும் தெரியும். நேராக மேனேஜரைக் கூப்பிட்டுத் தன் லேப்டாப்பில் அந்தப் பக்கத்தைக் காட்டினார்.

"குழந்தை உதைச்சுதா சார்?"

மேனேஜர் படித்தார். இன்னொரு தடவையும் படித்தார். "அப்படி ஒரு ஃபீலிங் மேடம்" என்றார்.

எத்தனை மாதம் என்று மேடம் கேட்டார். அதற்குமேல் மேனேஜரால் தாங்க முடியவில்லை, நேர்மை பீறிட்டு வந்துவிட்டது. ரிசப்ஷன் பெண் யாருக்கும் தெரியாமல் எல்லோருடைய போனையும் எடுத்து நோண்டுகிறாள், தனக்கு ரொம்ப நாளாகவே சந்தேகம், இன்றைக்குத்தான் நடவடிக்கை எடுக்க இருந்ததாகச் சொன்னார். கேஷியர் தலையாட்டினார். எந்நேரமும் வாய் ஓயாத மெக்கானிக்குகள் சுவரில் இருந்த தீயணைப்புக் கருவியின் மேல் எழுதியிருந்ததை ஆர்வமாகப் படித்தார்கள். பில்லிங் அக்காகூட வயிற்றைத் தடவிக்கொண்டு கீபோர்டைப் பார்த்தார். அவ்வளவு சந்தோஷமான பதினாறு பேரில் ஒருவருக்கும் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

மேடம் அவளை மட்டும் மேனேஜர் அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தச் சொன்னார்.

"பதினாறு பேருக்கும் நீதான் எழுதினியா?"

"ஆமா மேடம்."

"தினமுமா?"

"ஞாயித்துக்கிழமை மட்டும் இல்ல மேடம்."

மேடம் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். கேஷியரின் பக்கத்தில் ஒரு தடவை உதட்டைக் கடித்துக்கொண்டார். அவள் மாதக் கடைசிக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிப் பார்த்தாள். எட்டு. அந்த எட்டும் இனிக் கணக்கில் இல்லை என்று தோன்றியது.

"உன்னை இனிமே இந்த ஆபீஸ்ல வச்சிருக்க முடியாதும்மா" என்றார் மேடம்.

அவள் தலையாட்டினாள். சாப்பாட்டு டப்பாவும் குடையும் மேசைக்குக் கீழே இருப்பது நினைவுக்கு வந்தது.

மேடம் எழுந்து, கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு முறை இழுத்துப் பார்த்தார். திரும்பி வந்து கைப்பையைத் திறந்து, தன் போனை எடுத்து மேசைமேல் அவள் பக்கமாகத் தள்ளினார். குரலையும் தாழ்த்திக்கொண்டார்.

"பர்மனென்ட் போஸ்ட்தான். தலைமை ஆபீஸ்ல நாங்க நாப்பது பேர் இருக்கோம், முடியுமா?"