மைத்துனன் எழக்கூடாத நாற்காலி

ஓடுகிற இயந்திரத்தை ஒரு விரல்கூடப் படாமல், வெறுமனே நாற்காலியை விட்டு எழுந்தே நிறுத்திக்காட்டுவேன். இந்த வரம் பூமியில் வேறு எவனுக்கும் கிடையாது.

சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். என் மனைவி சிரித்து முடித்துவிட்டு, இயந்திரம் இருக்கும் அறையில் தன் தையல் மேசைக்கு அளவெடுக்கவும் தொடங்கிவிட்டாள்.

ஓய்வுபெற்ற கையோடு வாங்கிய சி.என்.சி. செதுக்கு இயந்திரம் அது. கணினி சொல்லச் சொல்ல மரத்தில் கொடியும் பூவும் செதுக்கும். பாதியில் இரண்டுக்கும் பேச்சுவார்த்தை முறிந்துவிடும். திரையில் ‘தொடர்பு இல்லை’ என்று வரும். வெட்டுமுனை மட்டும் நின்ற இடத்திலேயே சுழன்று மரத்தைக் கருக்கும்.

கேபிளை மாற்றினேன். அதைவிடக் குட்டையாக இன்னொன்று வாங்கினேன். கன்ட்ரோலரைப் பிரித்துத் துடைத்தேன், எர்த் கொடுத்தேன், கணினியிலிருந்த ஓட்டைகளில் எல்லாம் செருகிப் பார்த்தேன்.

வீட்டில் சேர்ந்த அரைகுறை மூடிகளைப் பரப்பினால் ஒரு கால்பந்து மைதானத்தையே மூடிவிடலாம். அத்தனையும் அவளுடைய நூல்பெட்டிக்குச் செய்யப் போனவை.

போன ஞாயிறு ஒன்று கருகியதும் மனைவியின் தீர்ப்பு வந்தது. இந்த ஞாயிறு மாலைக்குள் ஒரு முழு மூடி; இல்லாவிட்டால் இயந்திரம் விலைக்கு, அறை அவளுக்கு.

கெடு முடியும் இன்று காலையில்தான் பிடித்தேன். குற்றவாளி என் சுழல்நாற்காலி.

எழும்போது அதன் அடிக்குழாயில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி கிளம்பிக் கேபிளுக்குள் புகுந்துவிடுகிறது. மரம் வைக்காமல் ஓட்டிப் பார்த்தேன். எழுந்தேன், நின்றது. மறுபடி எழுந்தேன், மறுபடி நின்றது.

நாற்காலியை மூலைக்கு விரட்டிவிட்டு, கையிலிருந்த கடைசிப் பலகையை மாட்டினேன்.

முக்கால் மூடி முடிந்திருந்தபோது அவள் தம்பி வந்தான். கணக்குத் தணிக்கை செய்கிறவன். தன் நிழலையே இரண்டு சாட்சி கேட்டுத்தான் நம்புவான். இயந்திரத்தை ஏற்றிப்போக வண்டியோடு வந்திருந்தான்.

மாடியேறிய இளைப்பில், நான் தடுப்பதற்குள் நாற்காலியை இழுத்து இயந்திரத்தை ஒட்டிப் போட்டுத் தொப்பென்று உட்கார்ந்தான்.

எழுந்துவிடாதே என்று கெஞ்சினேன். காரணமும் சொன்னேன். நாற்காலியும் இயந்திரமும் எப்போது சம்பந்தி ஆனார்கள் மாமா என்று கேட்டு, வயிறு குலுங்கச் சிரித்தான். அந்தக் குலுக்கலில் என் உயிர் போய் வந்தது.

மனைவி அளவுநாடாவைச் சுருட்டினாள்.

“போன ஞாயிறு மூடி கருகினப்ப நீங்க குளிச்சிட்டு இருந்தீங்க. அப்ப எந்தப் பேய் வந்து உக்காந்து எழுந்துச்சு?”

என் கண்டுபிடிப்பில் இருந்த ஒரே ஓட்டை அதுதான்.

கீழே வண்டிக்காரன் ஹாரனை அழுத்தினான். தம்பியை எழச் சொன்னாள் அவள்.

அவன் இரண்டு கைகளையும் நாற்காலியின் கைப்பிடிகளில் ஊன்றினான். நான் அறைக்குள் கூண்டுப்புலி மாதிரி சுற்றினேன். வெட்டுமுனை கடைசி இலையின் நரம்பில் ஊர்ந்துகொண்டிருந்தது.

அவன் எழவில்லை.

மறுபடி ஹாரன். என்னடா உனக்கு, காலில் ஆணியா அடித்திருக்கிறது என்றாள் அவள்.

அவனுடைய சிரிப்பு எப்போதோ நின்றிருந்தது. வெட்டுமுனையிலிருந்து கண்ணை எடுக்காமல், மூச்சைக்கூட அளந்து விட்டபடி சொன்னான்:

“வண்டிக்காரனை இருக்கச் சொல்லுக்கா. போன ஞாயிறு இதுல உக்காந்திருந்தது நான்தான். எழுந்தேன்... நின்னுடுச்சு.”