எழும்ப வேண்டிய இடம்

நான் செத்துக் கிடக்கிறேன். யட்டவத்த பொது மண்டபமே சிரிக்கிறது.

மூன்றாவது வரிசையில் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை.

என் மேல் போர்த்தியிருக்கும் வெள்ளைத் துணி மலிவானது. அதனூடாக மண்டபத்தின் பாதி தெரியும். துணி வாங்கப் போனவன் நான்தான். பிணமாகப் படுக்கப் போகிறவனுக்குக் கொஞ்சம் முன்யோசனை வேண்டாமா?

கறுப்பு அபாயா. கைகளைக் கட்டிக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து உட்கார்ந்திருக்கிறாள்.

அந்தச் சாய்வு எனக்குப் பழக்கம். வீட்டில் நான் காரணம் சொல்லத் தொடங்கும்போதெல்லாம் என் மனைவி நுஸ்ராவின் தலை அந்தப் பக்கம்தான் சாயும்.

நுஸ்ராவா? அவள் மாத்தளையில், வீட்டில் அல்லவா இருக்க வேண்டும்?

யார் சொல்லியிருப்பார்கள்?

முதல் சந்தேகம் டோல்கி வாசிக்கும் பவித்ரன் மேல். காலையிலிருந்து என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் சிரிக்கிறான். என் முகம் அப்படிப்பட்டதுதான் என்றாலும், இன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சிரிக்கிறான்.

அடுத்த சந்தேகம் எங்கள் டைரக்டர் விஜயரத்தினம் ஐயா மேல். யாழ்ப்பாணத்து மனிதர், மாவட்டக் கச்சேரியில் அரசாங்க உத்தியோகம், பொய் சொல்ல வராது. நுஸ்ரா போன் பண்ணிக் கேட்டிருந்தால் எல்லாவற்றையும் ஒப்புவித்திருப்பார், என் நடிப்பின் குறைகள் உட்பட.

நாடகக் குழுவில் லைட் போடுகிறேன் என்றுதான் வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். மின்சாரச் சாமான் கடையில் நிற்கிறவன் சொன்னால் எடுபடக்கூடிய பொய். போன வாரம் சட்டைக் கொலரில் பவுடர் அகப்படும் வரைக்கும் எடுபட்டது.

“இது யாரோட பவுடர்?”

“என்னோடதுதான்” என்றேன். தாடியை நரைக்க வைக்க நான் பூசிக்கொள்ளும் பவுடர்.

கல்யாணம் முடித்த நாளிலிருந்து நான் சொன்னவற்றில், அந்த ஓர் உண்மையைத்தான் அவள் துளியும் நம்பவில்லை.

ஆக, பவுடரின் சொந்தக்காரியைப் பிடிக்க வந்திருக்கிறாள். என் தலைமாட்டில் விதவையாக உட்கார்ந்து ஒப்பாரி வைக்கும் லக்ஷிகாவைத்தான் இப்போது அளந்துகொண்டிருப்பாள். அளக்கட்டும். லக்ஷிகாவுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. பிணமாக இருக்கும்போது மட்டும் சகித்துக்கொள்வாள்.

எனக்குப் பயம் வேறு.

இந்த நாடகத்தில் நான் ஒரு கஞ்ச மிளகு வியாபாரி. சாரனின் நுனியை இடது கையில் தூக்கிப் பிடித்து, வலது காலை இழுத்து இழுத்து நடப்பேன். வாயைத் திறக்குமுன் தொண்டையைச் செருமுவேன். மிளகை எடுத்துக் கடித்துவிட்டு, விற்க வந்தவனின் பரம்பரையையே சந்தேகிப்பது போல ஒரு பார்வை பார்ப்பேன். பல்லேகமயில் நாடகம் போட்டபோது தமிழ் தெரியாத சனம்கூட அந்த நடைக்கு விழுந்து விழுந்து சிரித்தது. எங்கே பிடித்தாய் என்று கேட்காத ஆள் இல்லை.

அது என் மாமாவுடைய நடை. நுஸ்ராவின் வாப்பா, புஹாரி ஹாஜியார். செருமலும் அவருடையது, பார்வையும் அவருடையது. அவர் கண்மூடி மவுத்தாகி இன்னும் வருஷம் திரும்பவில்லை.

மவுத்தான வாப்பாவை ஊர் ஊராக நடக்கவிட்டுச் சிரிப்பு வாங்குகிறவனோடு ஒரு பெண் வாழ்வாளா? எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. அதனால்தான் வீட்டில் லைட் போட்டேன்.

மேடையில் சொத்துச் சண்டை முற்றுகிறது. இன்னும் கொஞ்சத்தில் லக்ஷிகா, “ஐயோ, பெட்டிச் சாவிய எங்க வச்சீங்க?” என்று கதறுவாள். உடனே நான் துள்ளி எழும்பி, “அத மட்டும் சொல்ல மாட்டேன்!” என்று கத்த வேண்டும். கஞ்சன் சாகவில்லை, சொந்தங்களைச் சோதித்துப் பார்த்தான். நாடகத்தின் பெரிய சிரிப்பு அதுதான். மாவட்டம் முழுக்க நாங்கள் பஸ் ஏறி இறங்குவதே அந்தச் சிரிப்புக்காகத்தான்.

மூன்றாவது வரிசையில் அவள் எழும்புகிறாள்.

வாசலுக்குப் போகிறாளோ? இல்லை. மேடைப் படியில் செருப்பைக் கழற்றுகிறாள்.

இதுவும் நாடகம்தான் என்று சனம் இன்னும் பலமாகச் சிரிக்கிறது. டோல்கி நின்றுவிட்டது. திரைக்குப் பின்னால் விஜயரத்தினம் ஐயாவின் குரல்: “உவ ஆர்? ஆர் மேடைக்கு விட்டது?”

அவருக்கும் தெரியவில்லை. அப்படியென்றால் யார்தான் சொன்னது?

பக்கத்தில் அபாயா சரசரக்கிறது. முழங்காலை மடித்து உட்காருகிறாள். நான் கண்ணை இறுக மூடிக்கொள்கிறேன். முகத்திலிருந்து துணி விலகுகிறது. எந்தக் கன்னத்தில் அறை விழும் என்று தெரியாததால் இரண்டையும் தயாராக வைத்திருக்கிறேன்.

அறை விழவில்லை.

“பல்லேகமயில கடைசி வரிசையில இருந்து பார்த்தேன்” என்கிறாள், எனக்கு மட்டும் கேட்கிற குரலில். “முகம் சரியாத் தெரியல்ல. எழும்பிராதீங்க. கொஞ்ச நேரம் இப்படியே இருங்க.”

மாமா மவுத்தான அன்று அவள் குவைத்தில், ஓர் அரபி வீட்டுச் சமையலறையில் நின்றாள். அவள் விமானம் ஏறுமுன்னே இங்கே அடக்கியாயிற்று. மையித்தின் முகத்துக்கு நேரே போனைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தான். லைன் விட்டு விட்டு வந்தது. படம் உறைந்துபோய், “தெரியல்ல, தெரியல்ல” என்ற அவளுடைய குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

லக்ஷிகா சாவியைக் கேட்டுக் கதறுகிறாள். மண்டபம் சிரிக்கத் தயாராகிறது.

நான் எழும்பவில்லை.

லக்ஷிகா மறுபடியும் கதறுகிறாள், இந்தத் தடவை கொஞ்சம் கோபமாக.