மூன்றாவது ரப்பர்

"என் ரப்பர் எங்கடி?"

"உங்க ரப்பருக்கு நானா காவல்? எலி தூக்கிட்டுப் போயிருக்கும்," என்றாள் மனைவி, அடுப்படியிலிருந்து.

இதோடு மூன்று. வாங்கி வைக்க வைக்க மாயமாகிக்கொண்டிருந்தது.

லாரி ஓட்டி ஓய்வு பெற்ற மனிதருக்கு ஓவியம் கற்கும் ஆசை வந்ததிலிருந்து வீட்டில் இந்தக் கூத்துதான். வகுப்பில் மற்றதெல்லாம் பொடிசுகள். இன்று மாஸ்டர் அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டார்: "பெரியவரே, முகம் உங்களுக்கு வராது. நாளைக்குக் கண்காட்சிக்கு ஒரு ஆப்பிள் வரைஞ்சு குடுங்க, போதும்."

ஆப்பிளாம்!

"முகம்தான் கொண்டு வருவேன். இல்லைன்னா இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன்," என்று வீறாப்பாய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தார். இந்த நேரம் பார்த்து ரப்பரைக் காணோம்.

"பேசாம ஆப்பிளே வரைங்களேன்," என்றாள் மனைவி. "பென்சிலைக் கியர் மாதிரில்ல பிடிக்கிறீங்க?"

"படத்தைப் பத்தி உனக்கென்ன தெரியும்?"

"எனக்கென்ன தெரியும்! அது சரி, தினமும் யாரு முகத்தை வரையறீங்க?"

"யாரோ ஒருத்தி. உனக்கெதுக்கு?"

அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ரப்பரும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். பேனாவுலயே வரையறேன், பாக்கறியா!"

வரைந்தார். அடுப்படிப் பக்கம் ஓரக்கண்ணால் பார்ப்பதும் கோடு இழுப்பதுமாக வரைந்தார். தாடை கோணிக்கொண்டது. அழிக்க வழியில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த கோட்டைப் போட்டார்.

மறுநாள் படத்தைக் கையில் வாங்கிய மாஸ்டர் அதைக் கீழே வைக்கவேயில்லை. "இப்பவே திட்ட வாயெடுக்கிற மாதிரி இருக்கே! யாரு இவங்க?"

"என் சம்சாரம்."

வீடு திரும்பியவர் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். "மாஸ்டரே அசந்து போயிட்டாரு! ஒரு கோடுகூட அழிக்கலை, தெரியுமா?"

மனைவி சர்க்கரை டப்பாவுக்குப் பின்னாலிருந்து மூன்று ரப்பரையும் எடுத்து மேசையில் வைத்தாள்.

அவர் முகம் சிவந்தது. "நீயா? நான் தோத்துப் போகணும்னுதானே?"

"தோக்கணும்னா ரப்பரை உங்க கையிலயே விட்டிருப்பேன்," என்றாள் அவள். "தினமும் அந்தத் தாள்ல நான் அச்சு அசலா வந்தேன். நீங்கதான் சரியில்லை, சரியில்லைன்னு என்னைத் தேய்ச்சுத் தேய்ச்சு அழிச்சீங்க!"