திரையைப் பிடித்திருக்கும் கை
“எட்டாவதோட நின்னுட்டவளுக்கு லேப்ல என்னம்மா வேலை?” என்று முதலாளி பத்ரிநாத் சார் ஒருமுறை என்னிடம் கேட்டார். அன்று தரையைப் பார்த்தபடி நின்றேன். இன்று ஆய்வை நிறுத்தச் சொல்லி, லேப் இருக்கும் பொம்மசந்திரா ஷெட்டுக்கு அவரே வந்திருக்கிறார். நான் லேப் வாசலின் கறுப்புத் திரையை இரண்டு கைகளாலும் இழுத்து மூடிப் பிடித்திருக்கிறேன். உள்ளே ஆய்வு நடத்தும் சங்கமித்ரா அக்கா லேசரால் அணுக்களைக் குளிரவைக்கிறாள். குளிர்ந்து குளிர்ந்து அவை ஒன்றுபோல ஆகிவிட்டால், சூரியனுக்குள் நடக்கிற அணு இணைவை அந்தக் குளிரிலிருந்தே தொடங்கிவிடலாம் என்று நம்புகிறாள். இப்போது வெயில் உள்ளே விழுந்தால் அத்தனையும் கலைந்துவிடும். திரையின் மடிப்பில் கசியும் சிவப்பு ஒளி என் விரல்மேல் நடுங்குகிறது. பம்பு விடாமல் இரைகிறது. “ஐஸ் வெச்சு சூரியன் பண்றாளாம். சும்னே, வீணா ரெண்டு வருஷம் போச்சு. தெறம்மா” என்கிறார் சார். “தெறக்காதடி, இன்னும் கொஞ்சந்தான்!” என்கிறாள் அக்கா உள்ளிருந்து. “உனக்கு யாரு ஓனரு, அவளா நானா?” “நீங்கதான் சார். ஆனா தெறக்க மாட்டேன்.” பம்பின் இரைச்சலைத் தாண்டி என் குரல் கேட்கிறது. அவர் கை திரையை நோக்கி நீள்கிறது. மோதிரம் என் விரல் முட்டியில் சில்லென்று படுகிறது. நான் பிடியை இறுக்குகிறேன். அவர் என்னையே பார்க்கிறார். பிறகு கையை இறக்கி, வெயிலில் இறங்கிப் போகிறார்.