இரண்டு டப்பாக்கள்

தீவனப் பெட்டியின் மேல் மூட்டு மருந்து டப்பாக்கள் இரண்டு இருக்கின்றன. லாயத்துக் கூரை ஓட்டையில் இறங்கும் மதிய வெயில் அவற்றில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது. ஒன்று வெறும் சத்துப்பொடி. பலன் தெரிய ஆறு வாரமாகும். இன்னொன்றில் வலி மருந்தும் கலந்திருக்கிறது. இன்று கொடுத்தால் காலையிலேயே குதிரை நொண்டாமல் நடந்துவிடும். நாளை கால்நடை டாக்டர் வருகிறார். இருபத்திரண்டு வயதுக் கிழக் குதிரையை நடக்கவிட்டுப் பார்த்து, வைத்துக்கொள்ளலாமா, ஊசி போட்டு ஒரேயடியாக அனுப்பிவிடலாமா என்று சொல்லப்போகிறார்.

குதிரைக்குச் சொந்தக்காரியான அண்ணி வலி மருந்து டப்பாவை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறாள். “ஒரே ஒரு நாள்தானே? நல்லா நடந்துட்டா தப்பிச்சிடுவான்.” லாயத்தைப் பார்த்துக்கொள்ளும் நாத்தனார் தவிட்டைப் பிசைவதை நிறுத்துகிறாள். “வலி தெரியாம நடப்பான். ஓடவும் விடலாம்னு டாக்டர் சொல்லிடுவார். அப்புறம் கால் மொத்தமா போயிடும், அண்ணி.” கிழவன் பின்னங்காலை ஊன்றப் பார்த்து, ஊன்றாமல் தூக்கிக்கொள்கிறான். மூட்டு சொடுக்கும் சத்தம் இருவருக்கும் கேட்கிறது. அண்ணியின் விரல்கள் மூடியைப் பாதி திருகி நிற்கின்றன. வெகுநேரம் கழித்து அதைத் திரும்ப இறுக்கி மூடிக் கீழே வைக்கிறாள். நாத்தனார் சத்துப்பொடியை அள்ளித் தவிட்டில் போடுகிறாள்.

“நாளைக்கு நான் வரமாட்டேன். என்னால பார்க்க முடியாது.”

“வந்துதான் ஆகணும் அண்ணி. நீங்க கூப்பிட்டாதான் அவன் அடி எடுத்து வைப்பான்.”