இரண்டு எண் குறைவாக

தோல் நிறத்தைக் குறிக்கும் அட்டையில் பத்துக் கட்டங்கள் இருந்தன. முதல் கட்டம் வெளுப்பு, பத்தாவது நல்ல கறுப்பு. ஓர் ஆய்வுக்காக ஊர் ஊராகப் போய்ப் பேட்டி எடுக்கும் ரெஜினா, ஒவ்வொரு பேட்டியும் முடிந்ததும் எதிரே இருப்பவரிடம் கேட்காமல், அவர் நிறத்துக்குத் தன் கண்ணுக்குப் பட்ட எண்ணைப் படிவத்தில் குறிக்க வேண்டும். பள்ளியில் தன்னைக் ‘கருவாச்சி’ என்று கூப்பிட்டதை மறக்காதவள் அவள். யாருக்கும் மனம் நோகக் கூடாதென்று இரண்டு எண் குறைத்தே போடுவாள். உப்பளத்தில் வேலை செய்யும் பேச்சித்தாய்க்கும் ஏழு என்று போட்டாள்.

பேச்சித்தாய் எட்டிப் பார்த்துவிட்டாள். “இது யாரு நெறம்?” என்று கேட்டு, அட்டையை வாங்கித் தன் முன்கையை அதன்மேல் வைத்தாள். ஒன்பதாம் கட்டத்தோடு கையின் நிறம் ஒத்துப்போனது.

“எங்கம்மா குடுத்தது தாயி. இருவது வருசமா வெயிலு மெருகேத்துனது. அதுல ரெண்டைக் களவாண்டுட்டுப் போறியே!”

ரெஜினா சிரித்தபடி அதை அடித்துவிட்டு ஒன்பது என்று எழுதினாள். படிவத்தின் கடைசி வரியில் பேட்டி எடுப்பவரின் நிறத்தைக் குறிக்க வேண்டும். இதுவரை நாற்பது படிவங்களில் அவள் தனக்கு ஐந்து என்றே எழுதியிருந்தாள். இப்போது பேனா நகரவில்லை.

பேச்சித்தாய் அட்டையை அவள் பக்கம் தள்ளினாள். “ம், ஒன் கையை வையி. பாப்போம், யாரு ஜெயிக்கான்னு.”

ரெஜினா சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டிவிட்டுக்கொண்டாள்.