நாற்காலியின்மேல் நான்கு கேள்விகள்

2023 ஏப்ரல் 5, புதன்கிழமை இரவு எட்டரை மணிக்கு, ருமேனியாவின் டொரொஹோய் நகர யூதர் சங்கக் கூடத்தில், பாஸ்கா பண்டிகை விருந்துக்குப் பதினொரு பேர் கூடியிருந்தோம். கூடியிருப்பவர்களில் மிக இளையவர் நாற்காலியின்மேல் ஏறி நின்று, அந்த இரவு மற்ற இரவுகளிலிருந்து ஏன் வேறுபட்டது என்ற நான்கு கேள்விகளைக் கேட்ட பிறகே விருந்து தொடங்கும். அது எங்கள் ஊர் வழக்கம்.

பெர்க்கு ஏற மறுத்தான்.

"நான் மாட்டேன். போன வருஷம் விழுந்தேன்ல?"

"விழுந்தா எந்திரிக்க வேண்டியதுதான்! சின்னப் பயலுக்கு என்னடா இவ்வளவு வீம்பு?" என்றார் சங்கத் தலைவர் ஹெர்ஷ்கோ.

"அப்ப நீங்க ஏறுங்களேன், மாமா!"

"நானும் ஒரு காலத்துல ஏறினவன்தான்டா. சூப்பு ஆறுது, ஏறு."

"வருஷா வருஷம் நானேதானா? வேற ஆளே இல்லையா?" பெர்க்குவின் உதடு துடித்தது, கண்கள் நிறைந்தன.

சங்கச் செயலாளரான நான் உறுப்பினர் பதிவேட்டைத் திறந்து பிறந்த தேதிகளைச் சரிபார்த்தேன். அவனுக்கு அடுத்த இளையவள் நான்தான், எனக்கு எழுபத்தொன்பது.

"சரி, ரிவ்கா அக்கா, இந்தக் கைத்தடியைக் கொஞ்சம் பிடிங்க" என்று என்னிடம் நீட்டிவிட்டு, பெர்க்கு ஏற முயன்றான். முழங்கால் மடங்கவில்லை.

இறுதியில் நாங்கள் தீர்மானித்தது இதுதான்: எழுபத்தாறு வயதான பெர்க்கு, தன்னைவிட இளையவர் ஒருவர் இந்தச் சங்கத்தில் பிறக்கும்வரை, கேள்விகளை உட்கார்ந்தபடியே கேட்கலாம்.